அரசு மருத்துவமனையில் செலவு ஆய்வு, வெளிநாட்டுக் கூட்டாளியோடு: எந்தக் காகிதம் முதலில், எது பிறகு

ஒரு சிகிச்சைக்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது, நோயாளியின் வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து முதல்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) முடித்தவர்கள், பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்பவர்கள், மருத்துவக் கல்லூரிச் சமூக மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவை எடுத்துக்கொள்வோம். வேறு சிகிச்சையானாலும் படிகள் மாறாது.

இத்தகைய ஆய்வுகள் முடங்குவது பெரும்பாலும் ஓர் அலுவலகம் கேட்கும் கடிதம் இன்னோர் அலுவலகத்தின் கடிதத்துக்காகக் காத்துக் கிடக்கும் இடத்தில்தான். ஆகவே வரிசைதான் முக்கியம். முதல் கடிதத்திலிருந்து முதல் நோயாளியைச் சந்திக்கும் நாள்வரை ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். கூட்டாளி மூன்று மாதத்தில் களத்துக்குப் போகலாம் என்று நம்பிக்கொண்டிருந்தால், ஆரம்பத்திலேயே திருத்திவிடுங்கள்.

1. கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். களத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

அந்த ஒரு பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும். முதலாவது, யாருடைய செலவு: மருத்துவமனையுடையதா, காப்பீட்டுத் திட்டத்துடையதா, குடும்பத்துடையதா, எல்லாம் சேர்ந்ததா? இரண்டாவது, செலவை மட்டும் கணக்கிடுகிறீர்களா, அல்லது அந்தச் செலவுக்குக் கிடைக்கும் உடல்நலப் பயனையும் சேர்த்து அளக்கிறீர்களா? மூன்றாவது, எந்த நிதியாண்டின் விலை? இந்த மூன்றும் உறுதியாகாமல் கேள்வித்தாள் தயாரித்தால், பாதிக் களப்பணியில் கேள்விகளை மாற்ற வேண்டிவரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிக்ஸ் கமிட்டியிடம், அதாவது பங்கேற்பவர்களின் நலன் கருதி ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவிடம், மறுபடி போக வேண்டும்.

செலவோடு பயனையும் அளப்பதாக இருந்தால், மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017 முதல் இயங்கும், சிகிச்சைகளின் செலவையும் பயனையும் மதிப்பிடும் எச்.டி.ஏ. இந்தியா அமைப்பின் வழிமுறையை ஒட்டியே வடிவமையுங்கள். எதிர்காலச் செலவையும் பயனையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஆண்டுக்கு 3 சதவீதக் கழிவு விகிதம், பயனை அளக்க கியூ.ஏ.எல்.ஒய். (வாழும் ஆண்டுகளை வாழ்க்கைத் தரத்தோடு சேர்த்து எண்ணும் அளவு) என்பவை அதன் அடிப்படைகள். சென்னையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும், சண்டிகரில் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர். என்ற மத்திய அரசு மருத்துவ முதுநிலை நிறுவனத்திலும் இதன் ஆய்வு மையங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே யாராவது இதே கேள்வியைச் செய்துகொண்டிருக்கிறார்களா என்று அங்கே கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடுத்து, கையில் இருக்கும் தரவே போதுமா என்று பாருங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை, மருத்துவமனைச் சேர்க்கைக்குக் கடந்த 365 நாட்களையும், மற்ற நோய்களுக்குக் கடந்த 15 நாட்களையும் கேட்டு வீட்டுச் செலவைப் பதிவுசெய்தது. அதன் குடும்ப வாரியான தரவு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில், பெயரைப் பதிவுசெய்தால் இலவசமாகவே கிடைக்கும். மருத்துவமனைச் செலவுக்குப் பி.ஜி.ஐ.எம்.இ.ஆர். தொகுத்துள்ள தேசியச் செலவுத் தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இவையே பதில் சொன்னால் கீழே உள்ள பாதிப் படிகள் தேவைப்படாது. ஆனால் பொதுத் தரவை மட்டும் பயன்படுத்தினாலும், முழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு அளித்து எதிக்ஸ் கமிட்டி தரும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். கட்டுரை அனுப்பும்போது ஜர்னல் அதைத்தான் முதலில் கேட்கும். வேலை முடிந்த பிறகு முன்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் கடிதம் தராது, தரவும் கூடாது.

2. கூட்டாளியோடு நான்கு விஷயங்களை எழுத்தில் முடியுங்கள்

முழு ஒப்பந்தம் கையெழுத்தாக மாதக்கணக்காகும். அதற்கு முன், இரு தரப்பும் கையெழுத்திட்ட இரண்டு பக்க விருப்பக் கடிதம் ஒன்று போதும். மற்ற அலுவலகங்கள் கேட்கும் இடத்தில் எல்லாம் இதையும் ஒப்பந்த வரைவையும் இணைக்கலாம். அதில் இருக்க வேண்டியவை:

தரவு யாருடையது, எங்கே இருக்கும். நோயாளியின் பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியல் இந்திய நிறுவனத்திலேயே இருக்கும் என்று தெளிவாக எழுதுங்கள். எல்லை கடந்து போவது அடையாளம் நீக்கிய கோப்பு மட்டும்தான்.

யார் ஆசிரியர், யார் முதல் ஆசிரியர். ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதிக்கும் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றுகிறவரே ஆசிரியர்: வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. எத்தனை கட்டுரைகள் வரும், எதில் யார் பெயர் முதலில் என்று சின்ன அட்டவணை போடுங்கள். களப்பணி முழுவதும் இங்கே நடந்து, முதல் பெயரும் கடைசிப் பெயரும் அங்கே போய்விடும் ஆய்வுகள் ஏராளம். இந்த அட்டவணையைத் தரவு சேர்ந்த பிறகு போட முயன்றால் பேரம் பேச உங்களிடம் எதுவும் மிஞ்சியிருக்காது. உயர் பதவியில் இருப்பவர் பெயரைச் சேர்க்கச் சொல்லும் அழுத்தம் வந்தாலும் இந்த அட்டவணைதான் கைகொடுக்கும். அனுமதி தந்தவருக்கு நன்றியுரையில் இடம் உண்டு.

பணம் எப்போது வரும். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் செலவுக் கணக்கைக் காட்டிய பிறகே, காலாண்டுக்கு ஒருமுறை பணம் அனுப்பும். கள ஊழியருக்கு மாதச் சம்பளம் அதுவரை காத்திருக்காது. முதல் காலாண்டுத் தொகையை முன்பணமாகத் தர வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

வெளியீட்டுக்கு முன் கூட்டாளி எத்தனை நாள் படித்துப் பார்க்கலாம். 30 நாள் என்று எண் போடுங்கள். 'நியாயமான காலம்' என்று எழுதினால் அதற்கு முடிவே இல்லை.

நிதி அமெரிக்கக் கூட்டாட்சி அரசுடையது என்றால் இன்னும் இரண்டு வேலை உண்டு. ஆய்வில் பங்கேற்பவர்களைப் பாதுகாப்போம் என்று உங்கள் நிறுவனம் தரும் எஃப்.டபிள்யூ.ஏ. என்ற உறுதிமொழிப் பதிவு வேண்டும். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். யு.இ.ஐ. என்ற நிறுவன எண்ணும் கேட்பார்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் அந்த எண் கிடைப்பதற்குள் வாரக்கணக்கில் போய்விடும்.

3. பணம் எந்தக் கணக்கில் இறங்கும்?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆய்வு மானியம் வெளிநாட்டிலிருந்து வந்தால் அது எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு நிதி. உங்கள் நிறுவனத்துக்குப் பதிவு இருக்க வேண்டும், அல்லது அந்த மானியத்துக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இது:

- பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில்தான் வர வேண்டும்.
- நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
- வந்த நிதியை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த நிறுவனத்துக்குப் பதிவு இருந்தாலும் முடியாது.

மூன்றாவது விதியால் சிக்குகிறவர்கள் அதிகம். சென்னையில் ஒரு நிறுவனம் பணத்தை வாங்கி, மதுரையிலும் கோவையிலும் உள்ள இரண்டு தொண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், சட்டப்படி செல்லாது. மூவரும் தனித்தனியாகக் கூட்டாளியோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும், அல்லது கள ஊழியர்களைச் சென்னை நிறுவனமே நேரடியாக நியமிக்க வேண்டும்.

மத்திய, மாநிலச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை கட்டாயமாக உள்ள நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலம் ஆகா. சேவைக்கான கட்டணமாக, இன்வாய்ஸ் கொடுத்து வாங்கும் பணம் வேறு வகை. ஆனால் மானியத்தைச் சேவைக் கட்டணம் என்று பெயர் மாற்றி வாங்குவது ஆபத்து, ஜி.எஸ்.டி. கேள்வியும் கூடவே வரும். உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். தனிப்பட்ட சேமிப்புக் கணக்கில் ஒரு பவுண்டுகூட ஆய்வு மானியமாக வாங்காதீர்கள்.

பட்ஜெட்டை ரூபாயில் போடுங்கள். கூட்டாளி தன் நாணயத்தில்தான் போடுவேன் என்றால், எந்தத் தேதியின் மாற்று விகிதம், அது மாறினால் குறைவை யார் ஏற்பது என்று ஒரு வரி சேருங்கள். பலர் மறக்கும் இனங்கள்: கேள்வித்தாளின் தமிழாக்கமும், அதை மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பதும், எதிக்ஸ் கமிட்டிக் கட்டணம், நோயாளிக்கான பயணப்படி, ஜர்னல் வெளியீட்டுக் கட்டணம், தணிக்கைக் கட்டணம். களப்பணிக்கு எளிய கணக்கு ஒன்று: நாற்பது நிமிடப் பேட்டி என்றால் ஒரு ஊழியர் நாளைக்கு ஐந்து முடிப்பார். 300 நோயாளிகளுக்கு 60 ஆள்-நாள். திரும்பப் போய்ப் பார்ப்பதற்கும் விடுப்புக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. மருத்துவமனையிடம் கொள்கையளவில் சம்மதம்

எதிக்ஸ் கமிட்டி மருத்துவமனையின் அனுமதிக் கடிதத்தைக் கேட்கும். மருத்துவமனை எதிக்ஸ் கமிட்டியின் ஒப்புதலைக் கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்க வழி, டீன் அல்லது தலைமை மருத்துவரிடம் 'எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலுக்கும் இயக்ககத்தின் அனுமதிக்கும் உட்பட்டு, கொள்கையளவில் ஆட்சேபம் இல்லை' என்ற ஒரு பத்திக் கடிதம் வாங்குவது (இயக்ககம் என்பது மருத்துவமனைக்கு மேலுள்ள அரசு அலுவலகம்; 6ஆம் படியில் பார்ப்போம்). வரைவை நீங்களே தயார்செய்து கொண்டுபோங்கள். என்ன பதிவேடுகளைப் பார்ப்பீர்கள், எத்தனை நாள், எந்த நேரத்தில், ஊழியர்களின் வேலைக்கு இடையூறு வருமா ஆகிய நான்குக்கும் அதில் பதில் இருக்கட்டும்.

டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் கண்காணிப்பாளரையும் ஸ்டோர்ஸ் மருந்தாளுநரையும் அன்றே பார்த்துப் பேசிவிடுங்கள். மேலிடத்துக் கடிதம் உள்ளே போகத்தான் உதவும். ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டப்போகிறவர்கள் இவர்கள்தான்.

5. எதிக்ஸ் கமிட்டி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள்தான் அடிப்படை. கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா, பதிவு காலாவதியாகவில்லையா என்று முதலில் பாருங்கள். கூட்டத்துக்கு ஐந்து பேராவது வர வேண்டும். ஒருவர் குறைந்தால் கூட்டம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். கூட்டத் தேதியையும், அதற்கு எத்தனை நாள் முன் பிரதிகள் தர வேண்டும் என்பதையும் கமிட்டிச் செயலரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கமிட்டிக்குத் தரும் விண்ணப்பக் கட்டுக்குள் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், சம்மதப் படிவம், கேள்வித்தாள், மொழிபெயர்ப்புச் சான்று, பட்ஜெட், ஆய்வாளர்களின் தன்விவரம், ஜி.சி.பி. (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சிச் சான்றிதழ், மருத்துவமனையின் கொள்கையளவுக் கடிதம், கூட்டாளியின் விருப்பக் கடிதம்.

செலவு ஆய்வு ஆபத்துக் குறைந்தது என்பதால் விரைவுப் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால் பல கமிட்டிகள் முழுக் கூட்டத்துக்கே கொண்டுபோகும். அதையே எதிர்பார்த்துத் தயாராகுங்கள்.

தகவல் தாளைத் திருப்பி அனுப்ப வைக்கும் வழக்கமான குறைகள் இரண்டு. ஒன்று, ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்த, வாசித்தாலும் புரியாத தமிழ். நோயாளியோடு பேசிப் பழகிய ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். மற்றது, நோயாளியின் உண்மையான பயத்துக்குப் பதில் இல்லாதது. வருமானத்தைச் சொன்னால் காப்பீட்டு அட்டை போய்விடுமோ, ரேஷன் அட்டை வகை மாறிவிடுமோ, இங்கே இலவச டயாலிசிஸ் நின்றுவிடுமோ என்றுதான் அவர்கள் அஞ்சுவார்கள். 'நீங்கள் சொல்வதால் எந்த அரசு உதவியும் நிற்காது. மறுத்தாலும் சிகிச்சை மாறாது' என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரானால் சார்பற்ற சாட்சி முன்னிலையில் கைரேகை. சம்மதம் வாங்குவது சிகிச்சை தரும் டாக்டராகவோ செவிலியராகவோ இருக்கக் கூடாது.

ஆதார் எண், காப்பீட்டு அட்டை எண் இரண்டையும் கேள்வித்தாளில் சேர்க்கவே வேண்டாம். ஆய்வுக்கு அவை தேவையில்லை, ஆனால் கசிந்தால் நோயாளிக்குத்தான் சேதம்.

6. எந்த இயக்ககம்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதார இயக்ககம். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்ககம். முதல் இரண்டும் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கின்றன, மூன்றாவது கீழ்ப்பாக்கத்தில். மூன்று நிலையிலும் தளங்கள் எடுத்தால் மூன்று அனுமதி, மூன்று கோப்பு.

ஆகவே முதல் ஆய்வுக்கு ஒரே இயக்ககத்தின் கீழ் வரும் மருத்துவமனைகளை மட்டும் எடுப்பதே நல்லது. ஒப்பீடு வேண்டும் என்று கூட்டாளி வற்புறுத்தினால், கூடுதலாக இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் மருத்துவமனைகளின் பெயர்களைத் தனித்தனியாக எழுதுங்கள். 'திருச்சி மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகள்' என்று பொதுவாக எழுதினால் கோப்பு விளக்கம் கேட்டுத் திரும்பும். தபால் பிரிவில் கொடுத்த நாளின் முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கும்போது அந்த எண் இல்லாமல் கோப்பு கிடைக்காது. உத்தரவு வந்ததும் மாவட்ட இணை இயக்குநருக்கோ மாவட்ட சுகாதார அலுவலருக்கோ நகல் போயிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே களத்துக்குப் போங்கள்.

காப்பீட்டுக் கோரிக்கைத் தரவு வேண்டுமென்றால் அது தனி அனுமதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்திடம் எந்தெந்தத் தகவல் புலங்கள் (வயது, சிகிச்சை, தொகை போன்றவை) வேண்டும் என்று வரிசையாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். 'முழுத் தரவு' என்று கேட்டால் பதில் வராது.

7. எச்.எம்.எஸ்.சி.

வெளிநாட்டு நிதியோடோ கூட்டாளியோடோ நடக்கும் சுகாதார ஆய்வை மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு பார்க்கும். அதுதான் எச்.எம்.எஸ்.சி.; ஐ.சி.எம்.ஆர். வழியாக இணையத்தில் விண்ணப்பம். இந்திய முதன்மை ஆய்வாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். எதிக்ஸ் ஒப்புதல், ஆண்டு வாரியான பட்ஜெட், ஒப்பந்த வரைவு, இரு தரப்பின் பங்கு, எந்தத் தரவு வெளியே போகும் என்ற விவரம் ஆகியவை வேண்டும்.

இங்கே கேள்வி எழுவது பெரும்பாலும் 'வெளிநாட்டுக் கூட்டாளி எதற்கு?' என்பதில். 'உலகத் தர நிபுணத்துவம்' என்ற பதில் பலிக்காது. எந்தப் பகுப்பாய்வை அவர்கள் செய்கிறார்கள், எந்தத் திறனை இங்கே இருப்பவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள், யார் எத்தனை வாரம் எங்கே பயிற்சி பெறுவார் என்று எழுதுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம்: கேள்வித்தாள், டேப்லெட் படிவம், ஊழியர் பயிற்சி எல்லாம் இந்த இடைவெளியில் முடியும். நோயாளியிடம் மட்டும் போகக் கூடாது.

வெளிநாட்டுப் பேராசிரியர் களத்தைப் பார்க்க வந்தால் அதற்குரிய ஆய்வு விசாவில் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து வார்டில் நின்றால் சிக்கல் உங்கள் நிறுவனத்துக்கும்தான்.

8. கருவிகளும் உரிமங்களும்

வாழ்க்கைத் தரத்தை அளக்க இ.கியூ-5டி-5எல் என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துவதானால் அதன் உரிமையாளரான யூரோகால் அமைப்பிடம் பதிவுசெய்து உரிமம் வாங்குங்கள். கல்விசார் ஆய்வுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. இந்தியத் தமிழ்ப் பதிப்பு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பதிப்பு வேறு. தாள் பதிப்புக்கும் டேப்லெட் பதிப்புக்கும் அனுமதி தனித்தனி, ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. பதில்களை மதிப்பெண்ணாக மாற்ற, 2022இல் வெளியான இந்திய மதிப்புத் தொகுப்பையே பயன்படுத்துங்கள். பிரிட்டன் அல்லது தாய்லாந்து மதிப்பைப் போட்டால் ஜர்னலின் மதிப்பாய்வாளர் அதையே பிடித்துக்கொள்வார்.

டேப்லெட்டில் தரவு சேர்க்க கோபோ அல்லது ரெட்கேப் என்ற மென்பொருள். இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

9. செலவைக் கணக்கிடுவது

ஒரு டயாலிசிஸ் அமர்வு சுமார் நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் என்னவெல்லாம் செலவாகிறது என்று கட்டில் பக்கத்தில் நின்று எழுதினால்தான் கணக்கு சரிவரும். டயலைசர் (ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி), ரத்தக் குழாய்கள், ஃபிஸ்டுலா ஊசி, ஹெப்பாரின், சலைன், கான்சென்ட்ரேட், கையுறை, எரித்ரோபாய்டின். டயலைசரை எத்தனை முறை கழுவிப் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவேட்டில் பாருங்கள். விலையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 500 மில்லி ஓட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் தண்ணீர் அதற்கும் மேல். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் மருத்துவமனையில் இது சின்னத் தொகை இல்லை.

மருந்து விலைக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் விலை, வெளியே வாங்கியவற்றுக்கு மருத்துவமனையின் உள்ளூர்க் கொள்முதல் ரசீது. இரண்டும் வேறுவேறாக இருக்கும், இரண்டையும் எடுங்கள்.

இயந்திரத்தின் விலையை ஆயுளால் நேரடியாக வகுக்காதீர்கள். கணக்குக்காக, 7 லட்ச ரூபாய் இயந்திரம், ஆயுள் ஏழு ஆண்டு, விகிதம் 3 சதவீதம் என்று வைப்போம். ஏழு ஆண்டுக்கான காரணி, அதாவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் ஏழு ஆண்டு வருவதன் இன்றைய மதிப்பு, 6.2303. 7,00,000-ஐ அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 1,12,354 ரூபாய். நேரடியாக வகுத்திருந்தால் ஒரு லட்சம்தான் வந்திருக்கும். வருடம் 300 நாள், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட் என்றால் 600 அமர்வு. அமர்வுக்கு 187 ரூபாய். அதே இயந்திரம் ஒரே ஷிஃப்ட் ஓடினால் 375, மூன்று ஓடினால் 125. ஒரு மருத்துவமனையில் சிகிச்சைச் செலவு அதிகமாக இருப்பதற்கும் இன்னொன்றில் குறைவாக இருப்பதற்கும் காரணம் பல நேரம் இந்த ஷிஃப்ட் எண்ணிக்கைதான். ஆகவே எத்தனை இயந்திரம், எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது என்பதைத் தவறாமல் எடுங்கள். நன்கொடையாக வந்த இயந்திரத்துக்கும் விலை உண்டு. பூஜ்ஜியம் போடக் கூடாது.

சம்பளத்துக்கு அடிப்படை ஊதியம் போதாது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஓய்வூதியத்துக்கு அரசு செலுத்தும் பங்கு எல்லாம் சேர வேண்டும். ஒரு செவிலியர் மூன்று இயந்திரங்களைப் பார்த்தால் அவர் நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு வாரமாவது, இரவு ஷிஃப்ட் இருந்தால் அதையும் சேர்த்து, நேரத்தைக் குறித்தெடுங்கள். மின்சாரத்துக்கு மருத்துவமனை முழுவதற்கும் ஒரே மீட்டர் இருக்கும். இயந்திரத்தின் வாட் அளவையும் ஓடிய மணி நேரத்தையும் வைத்துப் பிரிப்பதே நம்பகமானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி: மருத்துவமனைச் செலவைக் கணக்கிட்டுவிட்டு, காப்பீட்டுத் திட்டம் அந்த அமர்வுக்குக் கொடுத்த பேக்கேஜ் தொகையையும் கூட்டிவிடுவது. அந்தத் தொகை அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவது. கூட்டினால் ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

நோயாளி பக்கத்தில், 'மொத்தம் எவ்வளவு ஆச்சு?' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் குறைந்த தொகைதான் வரும். இனம் இனமாகக் கேளுங்கள். வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்த மாத்திரை, வெளி லேப் பரிசோதனை, சாப்பாடு, கூடவந்தவரின் சாப்பாடு. போக்குவரத்தில், பெண்களுக்கு அரசின் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் வெளியூர்ப் பேருந்துக்கும் டயாலிசிஸ் முடிந்து தளர்ந்துபோய் ஏறும் ஆட்டோவுக்கும் உண்டு. போகும் வழி, வரும் வழி தனித்தனியாகக் கேட்டால்தான் ஆட்டோ வெளிவரும். கூடவந்தவர் அன்று இழந்த கூலியை மறக்காதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் சேமிப்பு, கைமாற்று, வட்டிக்கடன், நகை அடகு, நிலமோ மாடோ விற்றது என்று பிரித்து வையுங்கள். 'கடன்' என்று ஒரே கட்டமாக வைத்தால் வட்டி இல்லாத கைமாற்றும் கந்துவட்டியும் ஒன்றாகிவிடும்.

பகுப்பாய்வில், செலவுத் தரவு ஒரு பக்கம் நீண்ட வாலோடு இருக்கும். பட்ஜெட் போட உதவுவது சராசரிதான் என்பதால் இடைநிலையை மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். சராசரிக்கு, தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறையில் நம்பக இடைவெளி; செலவை மாற்றும் காரணிகளைப் பார்க்க, காமா பரவலோடு ஜி.எல்.எம். (பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி). பூஜ்ஜியச் செலவு நிறைய இருந்தால் இரண்டு கட்ட மாதிரி (செலவு இருந்ததா, இருந்தால் எவ்வளவு). குடும்பத்தின் சுமையைச் சொல்ல, மருத்துவச் செலவு குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதம், 25 சதவீதம் என்ற இரண்டு வரம்புகளையும் காட்டுங்கள்.

10. தரவை அனுப்புவது

பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கினால் போதாது. ஒரு சிறிய ஊராட்சியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 34 வயதுப் பெண் ஒருவர்தான் இருப்பார். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள், வயதை ஐந்தாண்டுத் தொகுதியாக்குங்கள், தேதிகளை மாதமாக்குங்கள். வாட்ஸ்ஆப்பிலும் மின்னஞ்சல் இணைப்பிலும் தரவுக் கோப்பு போகவே கூடாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு நிபந்தனைகளோடு விலக்குத் தருகிறது. கூட்டாளியின் நாட்டுச் சட்டமும் தனியே பொருந்தும்.

11. கட்டுரையும் கணக்கு முடிப்பும்

பொருளாதார மதிப்பீடாக இருந்தால் இத்தகைய கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 28 அம்சங்கள் கொண்ட சியர்ஸ் 2022 பட்டியலை எழுதத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வையுங்கள். விலை ஆண்டு, மாற்று விகிதம், கழிவு விகிதம் மூன்றும் முறைகள் பகுதியில் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஏழை நாடுகளுக்கான கட்டண விலக்கு இந்திய ஆசிரியர்களுக்குத் தானாகக் கிடைக்கும் என்று நம்பி பட்ஜெட்டில் விட்டுவிடாதீர்கள்.

கட்டுரை வெளிவரும் முன் இயக்ககத்துக்கு அறிக்கையின் நகல் போக வேண்டும்; அனுமதி உத்தரவில் பெரும்பாலும் அந்த நிபந்தனை இருக்கும். மருத்துவமனைக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் கொடுங்கள்: ஓர் அமர்வுக்கு ஆகும் செலவு, அதில் எது பெரிது, எத்தனை ஷிஃப்ட் ஓடினால் எவ்வளவு குறையும். தலைமை மருத்துவர் அடுத்த இயந்திரம் கேட்டு எழுதும் கடிதத்தில் அந்த எண்களைப் பயன்படுத்துவார்.

எதிக்ஸ் கமிட்டிக்கு முடிவு அறிக்கை, எச்.எம்.எஸ்.சி.க்கு நிறைவு அறிக்கை, கூட்டாளிக்குச் செலவுக் கணக்கு. எஃப்.சி.ஆர்.ஏ. வழியாகப் பணம் வந்திருந்தால் எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவத்தை நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். கள ஊழியர்களின் கடைசி மாதச் சம்பளமும் பயணப்படியும் அந்தக் கணக்கு மூடும் முன் தீர்ந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். திட்டம் முடிந்த பிறகு அதற்கென்று பணம் ஒதுக்க எந்த அலுவலகத்திலும் தலைப்பு இருக்காது.